நேரலையில் அப்பா

ஒரு விடுகதை. ஒரே ஆள், ஒரே நேரம். கீழே கண்ணாடிக்குள் முழங்குகிறார். மேலே இருட்டுக்குள் இருமுகிறார். யார் அவர்?

அவசரப்பட்டுப் பேய் என்று சொல்லிவிடாதீர்கள். குட்டியும் முதலில் அப்படித்தான் நினைத்தாள்.

மாலை ஆறரை மணி. அம்மா இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. கூடத்தில் குட்டி தனியாக உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். டிவியில் அப்பா பேசிக்கொண்டிருந்தார். திரையின் மூலையில் சிவப்பாக ‘நேரலை’ என்ற எழுத்து.

அப்பா முன்பு வக்கீல். கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆறு வருஷமாகிறது. இப்போது எந்தச் சேனலைத் திருப்பினாலும் அவர்தான். இடிக்கப்போகிற பின்தெருவைக் காப்பாற்றக் குழு அமைத்தபோது, அதற்கும் அவர்தான் தலைவர்.

தலைக்கு மேலே மாடிப் பலகை முனகியது. ஒரு காலடி. இன்னொன்று. பிறகு ஓர் இருமல்.

அப்பாவின் இருமல்.

டிவியில் அப்பா இருமவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார்.

குட்டி நோட்டை மூடிவிட்டு எழுந்தாள். பென்சிலை இறுகப் பிடித்துக்கொண்டு, சுவரோடு ஒட்டியபடி மாடி ஏறினாள்.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே விளக்கில்லை. நாற்காலியில் ஓர் உருவம். போன் வெளிச்சத்தில் முகம் மட்டும் நீலமாக மிதந்தது. கீழே டிவி சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த வாய் ஓசையில்லாமல் அசைந்தது.

“அப்பா?”

உருவம் திடுக்கிட்டுத் திரும்பியது. “ஷ்ஷ்! கத்தாதே கண்ணு.”

“நீ டிவியில இருக்கியே!”

“அது மத்தியானமே எடுத்தது. நேரலைன்னு போட்டாத்தான் ஜனங்க உக்காந்து பார்ப்பாங்க. நான் அப்பவே பின்படி வழியா வந்துட்டேன்.”

“அதுக்கு ஏம்ப்பா இருட்டில உக்காந்திருக்கே?”

அப்பா ஜன்னலைப் பார்த்தார். “பின்தெரு தையல்கார அம்மா மனுவோட வருவாங்க. நாளைக்குக் காலையில தெருவை இடிக்க மிஷின் வருதாம். குழுத் தலைவர்னு நான் கையெழுத்துப் போட்டு, இன்னைக்கே நீதிபதி வீட்டுக்குப் போனா தடை வாங்கிடலாமாம்.”

“போயேன்.”

“உனக்கென்ன, சொல்லிட்டே. டிவியில தோத்தா அடுத்த விளம்பரத்தில எல்லாரும் மறந்துடுவாங்க. கோர்ட்டில தோத்தா எழுத்துல நிக்கும்.” அப்பா குரலைத் தாழ்த்தினார். “அவங்க வந்தா கையை மட்டும் நீட்டி டிவியைக் காட்டு. வாயே திறக்காதே. வாயால சொன்னாத்தான் பொய். கையைக் காட்டினா பொய்யில்ல.”

கீழே அழைப்பு மணி அடித்தது.

வாசலில் தையல்கார அம்மா. கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது.

“வக்கீல் சார் இருக்காரா பாப்பா? எட்டு மணிக்குள்ள போனாத்தான் உண்டு. விட்டா, விடிஞ்சதும் வீடு இருக்காது.”

குட்டி பதில் சொல்வதற்குள் டிவி முந்திக்கொண்டது.

“அந்தத் தெருவில் ஒரு தையல்கார அம்மா! இருபது வருஷமாக ஒரே ஜன்னலோரத்தில் மிஷின் மிதிக்கிறார். அவர் என்னைத் தேடி வந்தால், நான் இல்லை என்று ஒருநாளும் சொல்லமாட்டேன்!”

தையல்கார அம்மாவின் கண் நிறைந்துவிட்டது.

“என்னைத்தான் சொல்றாரு. பாவம் மனுஷன், அங்கேயும் நமக்காகத்தான் தொண்டையைக் கிழிச்சுக்கறாரு. நேரலைன்னு போட்டிருக்கே, இப்ப எப்படி வர முடியும்?” மனுவை நான்காக மடித்தார். “வந்தா, நான் கோவிச்சுக்கலைன்னு சொல்லு பாப்பா.”

அவர் படியிறங்கத் திரும்பினார்.

மேலே பலகை ஒருமுறை முனகி, சட்டென்று அடங்கியது.

குட்டி எட்டி அளவு நாடாவின் நுனியைப் பிடித்து இழுத்தாள். தையல்கார அம்மா திரும்பிப் பார்த்தார்.

அப்பா சொன்னபடியே குட்டி வாய் திறக்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

மாடிப்படியைக் காட்டினாள்.