ஒன்பது இலைகள்

விடாத மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்துவிட, மண்புழு மேட்டுத் தோட்டத்தின் வாசலுக்கு ஊர்ந்து வந்தது. காவலுக்கு இருந்த ஓணான் ஒன்பது இலைகளைப் பரப்பியது.

"இதுல பூச்சி கடிச்ச இலை எதெதுன்னு காட்டு. அப்பத்தான் நீ திருட வரலைன்னு நம்புவேன்."

"எனக்குக் கண்ணே கிடையாதுங்க. தடவிப் பார்த்துச் சொல்றேன்."

"தொடக்கூடாது. பார்த்துத்தான் சொல்லணும்."

மண்புழுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்தத் தோட்டத்து மண்ணைப் பொலபொலன்னு ஆக்கினதே நான்தான்யா! என்னையே திருடன்னு சொல்றியா?"

"கத்தாதே. மறுபடி முயற்சி பண்ணு" என்று ஓணான் வேறு ஒன்பது இலைகளைப் பரப்பியது.

பின்னால் நின்ற கம்பளிப்பூச்சி முந்திக்கொண்டு வந்து, நான்கு இலைகளைப் பட்பட்டென்று காட்டியது. காட்டாமல் என்ன? காலையில் அதுவே கடித்த இலைகள்தானே!

"நீ உள்ளே போ" என்று வழிவிட்ட ஓணான், நனைந்து கிடந்த மண்புழுவிடம் திரும்பியது.

"பார்த்தியா, எவ்வளவு சுலபம்!"