நான்காவது மன்றாட்டு

பியட்றிஸ் 'அவதியுறும்' என்ற சொல்லை அடித்துவிட்டுப் பேனையை மேசையில் வைத்தாள்.

ஏழரைப் பூசைக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம். கெலிஓயாவிலிருந்து கண்டிக்கு பஸ் பிடிக்க வேண்டும்.

பூசையில் மன்றாட்டு நடக்கும் விதம் எளிமையானது. ஐந்து மன்றாட்டு, ஐந்து துண்டுக் கடதாசி. ஒருவர் மைக்கில் வாசிப்பார். கோயிலே சேர்ந்து ஒரு வரியில் பதில் சொல்லும். அவர் வாசிப்பது எதுவோ, அந்த நொடியில் அதுவே எல்லோருடைய வேண்டுதலாகிவிடும்.

இன்றைய நான்காவது, ஆட்டிசம் பற்றியது. தம்பி கிஷானுக்கு அது இருப்பதால் ஃபாதர் அதை அவளிடம் கொடுத்திருந்தார்.

'பாதிக்கப்பட்டவர்கள்' என்று எழுதினாள். மண்சரிவு நிவாரணத்துக்கு எழுதுவது போலிருந்தது. அடித்தாள்.

'சிறப்புக் குழந்தைகள்.' மேசையின் மறுபக்கம் பாணுக்கு மாஜரின் பூசிக்கொண்டிருந்த கிஷானுக்கு முப்பத்தைந்து வயது; ஃபோன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். அதையும் அடித்தாள்.

அவன் கடைசியாகப் பூசைக்கு வந்து பதினெட்டு வருடம்.

மைக் கீச்சிடுவது அவனுக்கு ஆகாது என்றுதான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லி வந்தாள்.

வந்த காலத்தில், திரும்பும் பஸ்ஸில் ஞாயிற்றுக்கு ஒன்றாக விளக்குவான். கயிற்றை இழுத்த பிறகும் மணி ஏன் ஒரு நொடி பொறுத்து அடிக்கிறது. ஆர்மோனியம் மூச்சை எங்கே பிடித்து வைக்கிறது. மெழுகுதிரிச் சுடரெல்லாம் ஏன் ஒரே பக்கம் சாய்கிறது. பேராதனைப் பூந்தோட்டம் வருவதற்குள் "போதும்டா சாமி" என்று அவள் காதைப் பொத்திக்கொள்வாள்.

இப்போதெல்லாம் எத்தனை பேர் நெருக்கி நின்றாலும் அந்த பஸ் வெறிச்சென்றுதான் இருக்கிறது.

இன்றாவது அவன் கூட வரவேண்டும்.

'ஆட்டிசமுள்ள எங்கள் சகோதர சகோதரிகள் சொல்வதைக் கேட்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும்.'

எழுதி முடித்து, துண்டை அவன் பக்கம் தள்ளினாள். அவனைப் பற்றிய ஒரு சொல்லைக்கூட இதுவரை அவனிடம் காட்டிக் கேட்டதில்லை.

கிஷான் சொல்லுக்குச் சொல் விரல் வைத்து, இரண்டு தரம் வாசித்தான்.

"'குணமாகணும்'னு எங்கயும் இல்லையேக்கா?"

"இல்லடா."

"அப்ப நானும் வர்றேன்."

சப்பாத்தைத் தேடி உள்ளே போனான்.

பியட்றிஸ் கதிரையை விட்டு எழவில்லை.

பதினெட்டு வருடத்துக்கு முன், அவள் முதன்முதலாக மைக் முன் நின்ற ஞாயிறு. அன்று மைக் கீச்சிடவே இல்லை. கையிலிருந்த துண்டை மடித்துவிட்டு, கண் கலங்க, தம்பியின் பெயரைச் சொல்லி, அவனைப் பிடித்திருக்கும் நோய் நீங்க வேண்டுமென்று சொந்த வார்த்தையில் மன்றாடினாள். கோயிலே உருகிப்போனது. முந்நூறு பேர் ஒரே குரலில் பதில் சொன்னார்கள்.

முன் வாங்கில் பதினேழு வயதுக் கிஷான், அக்கா திரும்பி வந்து உட்காரும் இடத்தை யாரும் எடுத்துவிடாதபடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.