பொம்மருக்குக் கீழே

படுக்கக் கூடாது.

அதை மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொண்டு, அவள் பொம்மருக்குக் கீழே போய் நின்றாள்.

விமானக் காட்சிச்சாலை முற்றத்தில், வெள்ளையடித்த கட்டைத் தூண்கள் மேல் அந்தப் பழைய குண்டுவீச்சு விமானத்தை ஏற்றி வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்துச் சிரித்துப் படம் எடுத்தார்கள்.

பலகையில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. முப்பது வருட அப்பழுக்கற்ற சேவை.

சேவையாம்.

இவள் பள்ளிக்கூடம் போன காலத்திலும் அதுதான் குண்டு போட வந்தது. மகள் நிறோஜினியை வயிற்றில் வைத்துக்கொண்டு பங்கர்க் குழிக்குள் குதித்தபோதும் அதுதான். நிறோஜினி பெரியபிள்ளையாகிச் சாமத்தியப்பட்ட அன்றைக்கும் அதேதான். வயது போகப் போக ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு அனுப்பினார்கள். ஒருநாள் லீவு எடுக்கவில்லை, சனியன்.

நிறோஜினி இப்போது கனடாவில். அடுத்த மாதம் பிள்ளை பிறக்கப்போகிறது. அம்மா பக்கத்தில் வேணும் என்று போனில் அழுகிறாள்.

போன கிழமை இவளும் கணவரும் விமான நிலைய வாசல்வரை போனார்கள். மேலே இரைச்சல் கேட்டதும் இவள் குப்புறப் படுத்துவிட்டாள். காதைப் பொத்தி, வாயைத் திறந்து, அந்தக் காலத்தில் பழகியபடியே. சனம் கூடிவிட்டது. பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பினார்கள்.

அதன்பிறகுதான் இங்கே கூட்டிப்போகச் சொன்னாள். உனக்கென்ன விசரோ என்று கேட்டார் கணவர் தேவரூபன். ஓம், விசர்தான் என்றாள்.

அண்ணாந்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இந்த வயிற்றுப்பக்கம்தான். எட்டித் தொட்டாள்.

சுட்டது. வெயில் சூடு, வேறொன்றுமில்லை.

கையை எடுக்கவில்லை.

அதன் நிழலிலேயே சப்பாணி கட்டி இருந்தாள். புட்டுப் பார்சலை அவிழ்த்தாள். எத்தனை நாள் இதால், போட்ட சாப்பாட்டைப் போட்டபடி விட்டு ஓடியிருப்பாள். இன்றைக்கு மிச்சம் விடுகிற எண்ணம் இல்லை.

பாதிச் சாப்பாட்டில் வானத்தில் இரைச்சல் கேட்டது. ஏதோ பயணிகள் விமானம்.

கை வாய்க்குப் போகாமல் நின்றது. புட்டுச் சிந்தியது. தேவரூபன் பிடிக்க ஓடிவந்தார்.

அவள் குனிந்தாள்.

மடியில் சிந்தியதைப் பொறுக்கி வாயில் போட்டாள்.

சத்தம் போய் முடியும்வரை மென்றாள். கடைசி வாயையும் விழுங்கிவிட்டுத் தாளை மடித்தாள்.

“கனடாவுக்கு ரிக்கெற்றைப் போடுங்கோ,” என்றாள். “யன்னல் கரையாய்ப் பாத்துப் போடுங்கோ.”