ஏழாம் அறை ரூட்டர்

"இதைச் சுவத்துல சொருகினது யாரு?"

நெட்வொர்க் பிரிவு பிரதீபன் கையில் ஒரு பழைய வீட்டு ரூட்டர்.

திருச்சூரில் அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியே கூடி நின்றது. சற்றுமுன் இருதய வார்டில் ஐந்து நோயாளிகளின் துடிப்பு நர்ஸ் மேசைத் திரையில் எட்டு நிமிடம் தெரியாமல் போயிருந்தது. நர்ஸுகள் ஓடி ஓடி நாடி பிடித்துச் சமாளித்துவிட்டார்கள்.

"நான்தான் சாரே." நர்ஸ் ஷைனி முன்னால் வந்தாள். "ஏழாம் ரூம் ஆமினாவுக்காக. தைராய்டு புத்துநோய்க்குக் கதிரியக்க மருந்து குடிச்சிருக்கா, கொழந்தைங்க கிட்ட வரக் கூடாது. ஈயச் சுவரு, போன் சிக்னலே வராது. ஆறு வயசு மக, உம்மாவைப் பாக்கணும்னு அழுதுட்டே இருக்காளாம். இன்னிக்கு நாலு மணிக்குப் பேச வைக்கிறேன்னு சொல்லிட்டேன். ரூட்டர் எங்க வீட்டுது."

"வீட்டு ரூட்டரைச் சொருகினா, கண்ணுல பட்ட மெஷினுக்கெல்லாம் அது தன் இஷ்டத்துக்கு முகவரி கொடுக்கும் சிஸ்டர். மானிட்டரெல்லாம் அதை நம்பி வழி மாறிப் போச்சு. மானிட்டருக்குத் தனி நெட்வொர்க், மத்தவங்களுக்குத் தனி. கலக்கவே கூடாது."

"அந்தக் கொழந்த..."

"உங்க முழுப் பேரு? ஸ்டாஃப் நம்பர்?"

எழுதிக்கொண்டான். ரூட்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டினான்.

"புகார் எழுதப் போறான்டி. கல்நெஞ்சக்காரன்!" என்றாள் கூட வேலை செய்யும் மினிமோள். மூன்றாம் மாடி ஆமோதித்தது.

வேலை போய்விடுமே என்ற பயம் ஷைனிக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் ஏழாம் அறையின் கேமராத் திரையில் ஆமினா, மகளுக்காகத் தலை வாரித் தோடு போட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் போனவள் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

நாலு மணி. அறைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம்.

"உம்மா, இங்க பாரு, பல்லு விழுந்துடுச்சு!"

ஷைனி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். சுவரோரம் அதே ரூட்டர், பச்சை விளக்கோடு.

"நீங்க சாப்பிடப் போனப்ப அந்த சார் வந்து மாட்டிட்டுப் போனாரு சிஸ்டர்," என்றாள் ஆமினா, போனிலிருந்து கண்ணை எடுக்காமலே.

ஷைனி நேரே நர்ஸிங் சூப்பிரண்டு ரோஸம்மாவிடம் போய் நின்றாள்.

"மேடம், பிரதீபன் சார் எழுதின புகார் அத்தனையும் உண்மை. தப்பு என்னுதுதான்."

"புகாரா?" ரோஸம்மா இரண்டு தாள்களை அவள் பக்கம் தள்ளினாள்.

முதல் தாளில்: ஏழாம் அறைக்குப் புதிதாகத் தனி நெட்வொர்க். வார்டு பொறுப்பாளர், ஷைனி பவுலோஸ். கீழே அவள் ஸ்டாஃப் நம்பர்.

அடுத்தது விபத்து அறிக்கை. காரணம் என்ற கட்டத்தில் அவள் பெயரே இல்லை.

"ஏழாம் அறைச் சுவரில் யாரும் பயன்படுத்தாத அந்த நெட்வொர்க் பாயிண்டை மானிட்டர் நெட்வொர்க்கிலேயே திறந்து போட்டிருந்தோம். அதில் யார் எதைச் சொருகியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். போன வருஷமே மூடியிருக்க வேண்டியவன் நான். - பிரதீபன்."