திறக்காத தொட்டில்

பூங்கோதையின் மூட்டுகள் பிறந்ததிலிருந்தே அளவுக்கு மீறி வளையும். முன்கைத் தசை அவ்வப்போது தானாகத் துடிக்கும். பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் வீட்டுக்கு வீடு சட்டப்படி வைக்கப்பட்ட தானியங்கித் தொட்டில் அதை ஏற்கவில்லை. துடிக்கும் கை பிள்ளையைத் தவறவிடும் என்று கருதி, அவள் தொட்டால் மட்டும் மூடியைத் திறக்க மறுத்தது. பால் குடித்ததும் பிள்ளையை மறுபடி அதற்குள் விட்டாக வேண்டும்.

மகன் பசித்து அழும்போதெல்லாம் எதிர்வீட்டு மெஹருன்னிசா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவாள். தொட்டிலைத் திறந்து, பிள்ளையை எடுத்துத் தாயிடம் கொடுப்பாள்.

ஒருநாள் பிள்ளை பூங்கோதையின் மடியிலிருந்து மெஹருன்னிசாவிடம் கைகளை நீட்டி அழுதது.

"வச்சுக்கோங்கக்கா. அவனுக்கு நீங்கதான் அம்மா."

"வாயக் கழுவுடி. அல்லா உனக்குக் குடுத்த புள்ள."

மறுநாள் மெஹருன்னிசா துப்பட்டாவால் முகத்தை முழுவதும் மூடிக்கொண்டு வந்தாள். தன் குரலும் பிள்ளைக்குக் கேட்கக்கூடாதென்று வாய் திறக்காமலே அவனைத் தூக்கித் தாயிடம் கொடுத்தாள்.

முகமில்லாத அந்த உருவத்தைக் கண்டு பிள்ளை மிரண்டது. பிறகு தாயின் முகத்தைத் தேடிப் பார்த்து, துடிக்கும் அந்தக் கையை இறுகப் பற்றிக்கொண்டது.