கண்ணில்லாத கூனி இறால்

இலங்கையில் எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில், மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வரிசை வீடுகளான லயம் எரிந்தது. கிணறு எரியவில்லை. அதில் கண்ணில்லாத வெள்ளைக் கூனி இறால் ஒன்று இருந்தது. வாளியில் ஏறி வந்தால் திரும்ப விட்டுவிடுவது எங்கள் வழக்கம்.

தோட்டத்துத் துரை வந்தார். "எல்லாரும் இந்தியா போங்க. நேத்து வந்த ஆளுங்கதானே?"

பக்கத்து வீட்டுப் பாலம்மா அக்கா, இறால் ஏறி வந்திருந்த வாளியை நீட்டினார். "அப்ப இதையும் கப்பல் ஏத்துங்க தொரை."

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கும் நான் விளக்கினேன். இதன் உறவினங்கள் இந்தியக் கிணறுகளிலும் உண்டு. ஆனால் இது கடல் தாண்டி வரவில்லை. இரண்டு நாடும் ஒரே பாறையாக இருந்தபோதே உள்ளே இருந்தது. கடல்தான் பிறகு வந்தது. தலைமுறை தலைமுறையாக இருட்டில் கிடந்து கண்ணை இழந்தது.

துரை அதைத் தரையில் கொட்டிச் சப்பாத்துக் காலால் நசுக்கினார்.

மறுநாள் அது அவருடைய தண்ணீர்க் கிளாசில் நீந்தியது. கிணற்றுத் தண்ணீர் அல்ல, அருவித் தண்ணீர் வரும் பங்களா அது. மறுபடி நசுக்கினார். மறுபடி வந்தது.

என்னைக் கூப்பிட்டார். "இதுக்கு என்ன வேணுமாம்?"

"ஒண்ணும் வேணாமாம் தொரை. இங்கேயே இருக்குமாம்."

"கண்ணில்லாம எப்படி என்னைத் தேடி வருது?"

கிளாசை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். அதற்கு இரண்டு கறுப்புக் கண்கள் முளைத்திருந்தன. இரண்டும் துரையையே பார்த்தன.

கீழே பாலம்மா அக்கா எரிந்த லயத்துக்குப் புதுத் தகரக் கூரை அடிக்கும் சத்தம் கேட்டது.