நகர்ந்து போன கட்டடம்

"யாரைக் கேட்டு என் கட்டடத்தை இழுத்துட்டு வந்தீங்க?"

ரோமினா போட்ட சத்தத்தில் வேலியோரம் மேய்ந்த மாடுகள்கூடத் தலையைத் தூக்கின.

ஒதீலியா அசரவில்லை. கல்லில் கிடந்த உருளைக்கிழங்கு அடையைத் திருப்பிப் போட்டாள்.

"ஊரைக் கேட்டுத்தான், எஞ்சினியரம்மா. ஊரே சேர்ந்துதானே இழுத்தோம்!"

சிலோயே தீவில் இது புதிதில்லை. குடி பெயர்ந்தால் வீட்டையும் கூடவே கொண்டுபோகிற ஜனங்கள். அடியில் மரத்தைக் கொடுத்து, மாடுகளைப் பூட்டி, முழு வீட்டையும் இழுத்துவிடுவார்கள். முடிந்ததும் வீட்டுக்காரர் விருந்து வைப்பார். இப்படி ஊர்கூடி இழுப்பதை மிங்கா என்பார்கள்.

ஆனால் இழுப்பது அவரவர் வீட்டை! இது அரசாங்கக் கட்டடம். பென்குயின் பார்க்க வருகிறவர்களுக்காக ரோமினா மண்டையை உடைத்துக்கொண்டு வரைந்தது. கடலிலிருந்து பார்த்தால் மேடு எது, கட்டடம் எது என்றே தெரியக்கூடாது என்பது நிபந்தனை. அதனால் கூரையெல்லாம் புல், சுவரெல்லாம் வெளுத்த மரப்பட்டை. அவளுக்கு இதுதான் முதல் பெரிய வேலை.

இன்றைக்குத் தலைநகரத்திலிருந்து அதிகாரி வருகிறார். அவர் சரி என்றால்தான் திறப்பு விழா. இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து இறங்கினால், மேட்டின் மேல் கட்டடத்தைக் காணோம். கீழே, ஒதீலியாவின் தகரக் கடைக்குப் பக்கத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது.

"கடைக்கு ஆள் வரணும்னு என் பொழைப்புல கை வச்சிட்டீங்களே. வெக்கமா இல்ல?"

"வியாபாரம்னா சும்மாவா, சொல்லுங்க!"

ரோமினா பல்லைக் கடித்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வந்தாள். எங்கே உடைந்திருக்கிறது என்று தேடினாள். ஒரு கண்ணாடியில்கூடக் கீறல் இல்லை. கூரைப் புல்லில் பூத்த மஞ்சள் பூ அப்படியே ஆடிக்கொண்டிருந்தது. அவளுக்கு மெய் சிலிர்த்தது. கோபம் வேறு, இது வேறு.

"எப்படிக்கா இழுத்தீங்க?"

"இருந்த மாடெல்லாம் பூட்டினோம். அந்தச் சோம்பேறி எலியாசர் மாடுகூட இழுத்துச்சுன்னா பாத்துக்கோங்க! புல்லோட, பூவோட மேடே எந்திரிச்சு நடந்து வருது. எனக்கு அழுகையே வந்திருச்சு. நீங்க இல்லாததால விருந்தையும் நானே வச்சேன். கறி மிச்சம் இருக்கு, சாப்பிடறீங்களா?"

"ஒண்ணும் வேணாம்!"

பகலில் அதிகாரி லரைன் படகிலிருந்து இறங்கினார். நாலாபக்கமும் பார்த்தார்.

"கட்டடம் எங்கம்மா?"

ரோமினா கையைக் காட்டினாள்.

"அடேயப்பா! கண்ணு முன்னாடியே இருந்திருக்கு, எனக்குத் தெரியலையே!"

தொப்பியைக் கழற்றிக்கொண்டு கிட்டே போனார். சுவரைத் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் வரைபடத்தை விரித்தார்.

"மேட்டு மேலன்னுல்ல போட்டிருக்கு?"

ரோமினா வாயைத் திறப்பதற்குள் ஒதீலியா குறுக்கே வந்து நின்றாள்.

"நான்தான் சார் இழுத்துட்டு வந்தேன். அந்தம்மா ஊர்லயே இல்ல. கடைக்கு நாலு பேர் வரட்டுமேன்னு பண்ணினேன்."

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது.

"அரசாங்கச் சொத்து உங்களுக்கு விளையாட்டா? கட்டடம் இங்கயே இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க கடை இருக்கக்கூடாது. இன்னைக்கே பிரிங்க!"

"சரிங்க சார்."

வாயாடி ஒதீலியா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டாள் ரோமினா.

அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டுப் படகுத்துறைக்கு நடந்தார். பழைய இடத்தில் தூண் நட்ட குழிகளை மூடவேண்டுமே என்று ரோமினா மேட்டில் ஏறினாள்.

கட்டடம் நின்ற இடத்தின் நட்டநடுவில் ஒரு பொந்து. அதன் வாசலில் ஒரு பென்குயின் கழுத்தை நீட்டிக் கத்தியது. உள்ளேயிருந்து இன்னொன்று பதில் கொடுத்தது. அதன் வயிற்றுக்குக் கீழே வெள்ளையாக ஒரு முட்டை.

குளிர்காலத்தில், பறவைகள் கடலுக்குப் போயிருந்த சமயத்தில், ஏதோ பள்ளம் என்று நினைத்து இதன் மேலேயே கட்டியது ரோமினாதான். வருஷா வருஷம் அதே பொந்துக்குத்தான் ஜோடி திரும்பும்.

"கிட்டப் போகாதீங்க, மிரண்டுரும்." பின்னாலேயே மூச்சு வாங்க வந்து நின்றாள் ஒதீலியா. "கடல்லேருந்து வந்ததுங்க, வழி தெரியாம உங்க கட்டடத்தையே சுத்திச் சுத்தி வந்துச்சுங்க. ஊர்ல யாருக்கும் சோறு இறங்கல."

"இதுக்காகவா இழுத்தீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா!"

"சொன்னா? கூட்டு மேல கட்டினா லைசென்ஸே போயிடுமாமே! உங்க மூஞ்சிக்குப் பொய் வராது, நேராப் போய் ஒப்பிச்சிருப்பீங்க. எனக்கென்ன, அடையை வீட்டு வாசல்ல சுட்டு வித்துட்டுப் போறேன்."

கீழே படகின் மோட்டார் உறுமியது.

"சார்! போயிடாதீங்க சார்! அவங்க கடையைப் பிரிக்க வேணாம், தப்பு என்னோடது!" என்று கத்திக்கொண்டே ரோமினா படகுத்துறையைப் பார்த்து ஓடினாள்.